தலை எண்ணிக்கை

சலாலா துறைமுகத்தில் என் வேலை
ஆட்களை எண்ணுவது.
கிரேனுக்கு அடியில் எத்தனை தலை, எத்தனை ஹெல்மெட்,
மாலையில் கேட்டைத் தாண்டும்போது
காலைக் கணக்கு அப்படியே இருக்கிறதா.
பழக்கம் விடுவதில்லை.
கல்யாண வீட்டிலும் வாசல் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான்
இலையில் உட்காருவேன்.

ஆகஸ்ட் வெள்ளி. கரீஃப் காலம்.
மற்ற வளைகுடா முழுக்க ஏசிக்குள் பதுங்கியிருக்க
எங்கள் மலைக்கு மட்டும் பச்சை.
ஏழு பேர் கிளம்பினோம்:
வெல்டர் பிலவேந்திரன்,
ஆய்வகத்து ஹசீனா, அவள் கணவர் முகைதீன்,
கணக்குப் பிரிவு வேதவல்லி,
வண்டிக்காரர் கொல்லம் ஷாஜி,
வந்து இரண்டு மாதமே ஆன தவசி
(மலைக்கு ரப்பர் செருப்போடு வந்தவன்),
நான்.

"மேலே ஏறினால் கடல் வரைக்கும் தெரியுமாம்."
முகைதீன் யாருடைய போனிலோ பார்த்திருக்கிறார்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் மிஷ்காக் புகை,
துபாய் நம்பர் பிளேட்டுகள், பாய் விரித்த குடும்பங்கள்.
இருநூறு அடி நடந்ததும் எல்லாம் அணைந்துவிட்டது.
செஞ்சேறு. பாசி போர்த்திய அடிமரம்.
முன்னே போகிறவரின் முதுகு,
அதற்கு முன்னே வெள்ளை.

இந்த மரம் இங்கே உண்டு,
எல்லைக்கு அப்பால் ஏமனில் கொஞ்சம் உண்டு,
வேறெங்கும் இல்லை என்றாள் ஹசீனா.
வெட்டவெளியில் வெறும் பிசுபிசுப்பு;
மரத்தடிக்குப் போனால் சடசடவென்று மழை.
மேகத்தைப் பிடித்து
இலை இலையாகப் பிழிந்து
தன் வேருக்குத் தானே ஊற்றிக்கொள்கிறது.
யாரையும் எதிர்பார்க்கவில்லை.

பனி கெட்டியானதும் நிறுத்தினேன்.
"எண் சொல்லுங்க."
ஒண்ணு. ரெண்டு. மூணு.
நாலு, வேதவல்லி, மூச்சு வாங்கியபடி.
அஞ்சு. ஆறு. ஏழு என்று நான்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"ஆட்."

"ஆடா? எங்கே?" என்றான் தவசி.

ஆடில்லை, ஆள்.
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்து,
லுங்கியை மடித்துக் கட்டி, கம்பூட்ஸ் போட்டு.
வங்காளத்தில் எட்டுக்கு அதுதான் பேர் என்று
வெல்டர் சொல்லித்தான் தெரிந்தது.
எண்ணுகிறார்கள் என்று புரிந்து
தன் பங்கைச் சொல்லியிருக்கிறான்.

பெயர் தொஃபாஜல். மாடு மேய்ப்பவன்.
முப்பத்தொன்று இருக்கவேண்டிய இடத்தில்
நேற்றிலிருந்து முப்பது.
ஒரு கன்று.
அரபாபுக்கு இன்னும் சொல்லவில்லை.
விரல்களை மடக்கி மடக்கி அவன் அதைச் சொன்னபோது
என் விரல்களும் மடங்கின.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை.
விளிம்புக்கு ஐந்து மீட்டர் இப்பால் உட்காரவைத்தேன்.
எலுமிச்சைச் சோறு, பிளாஸ்கில் சுலைமானி.
எட்டாகப் பிரித்தாள் வேதவல்லி,
யாரும் கேட்காமலே.
"இதுக்கா ரெண்டு மணி நேரம்..." என்று முகைதீன் தொடங்க,

காற்று கிழித்தது.

சமவெளி, தென்னந்தோப்பு, நுரை ஓரம், கடல்,
அதன் விளிம்பில்
என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும்படி
நான்கு கிரேன்கள்.
அங்கேயா நான் கத்திக்கொண்டிருக்கிறேன்,
வாரம் ஆறு நாள்?

போனை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது.
பதினொரு வினாடி. எண்ணினேன்.

அப்போதுதான் இடப்பக்கம் கீழே எங்கோ
ம்மா என்று, மெல்லிசாக.
தொஃபாஜல் கையிலிருந்த சோற்றோடு எழுந்தான்.
மூன்று அடி தெரிந்தான், பிறகு சாக்கு மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.
கூப்பிட்டோம்.
மரங்கள் சொட்டின.

இறக்கத்தில் தவசியின் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது.
வேறு சேதமில்லை.
வண்டிக்குள் எண் சொன்னார்கள், ஈரத்தலையோடு, வரிசையாக.
ஏழு என்று நான் முடித்தேன்.
கணக்கு சரி.

ஷாஜி சாவியைத் திருகவில்லை.
பின்கதவைச் சாத்தாமல் பிடித்திருந்தான் தவசி.